வேடந்தாங்கல்: ஏரி, வயல், எச்சம்

அவையில் கூடியிருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

வேடந்தாங்கல் என்றதும் எல்லோருக்கும் பறவைதான் நினைவுக்கு வரும். இன்று நான் அந்த ஊரைப் பற்றிப் பேசப் போகிறேன். செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்துப் பக்கம், ஏரியை நம்பி நெல் விளைவிக்கும் சின்ன ஊர் அது.

பெயரைப் பாருங்கள். வேடன் தங்கிய இடம் என்று பொருள் சொல்வார்கள். வேடன் ஒருபுறம் இருக்கட்டும், ‘தாங்கல்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தொண்டை நாட்டில் தாங்கல் என்றால் சிறிய ஏரி. ஓடிவரும் மழைநீரைத் தாங்கி நிறுத்தும் இடம். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று சென்னை விழுங்கிய ஊர்களின் பெயரிலும் அந்த ஏரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வற்றாத ஆறில்லாத சீமை இது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அதைக் கரை போட்டு மறித்து, வரத்துக்காலில் கொண்டுவந்து, மிகுந்ததைக் கலங்கல் என்னும் வழிந்தோடி வழியே அடுத்த ஏரிக்கு விட்டு, வேண்டியதை மதகு வழியே வயலுக்கு இறக்கினார்கள். வேடந்தாங்கல் ஏரி அப்படி ஒன்று. பரப்பு சுமார் 30 ஹெக்டேர். நம் மாவட்டக் கணக்கில் இது பெரிய ஏரியே அல்ல.

ஏரியின் உள்வாயில் நீர்க்கடம்பு மரங்கள் நிற்கின்றன. மாதக்கணக்கில் இடுப்பளவு தண்ணீரில் நின்றாலும் அழுகாத மரம். பறவை கூடு கட்டுவது அதன்மேல். அடியில் தண்ணீர் நிற்கும் வரை நரியோ நாயோ காட்டுப்பூனையோ மரத்தை அண்டாது. குஞ்சு பறப்பதற்குள் தண்ணீர் வற்றிவிட்டால் தாய்ப்பறவை கூட்டையே கைவிட்டுப் போய்விடும்.

கூட்டிலிருந்து எச்சம் ஏரியில் விழுகிறது. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைய. தண்ணீரில் கரைந்து, பாசி பிடித்து, பச்சையேறிய நீராக மதகைத் தாண்டி வாய்க்காலில் இறங்குகிறது. உரமூட்டை என்றால் என்னவென்று தெரியாத காலத்திலேயே இந்த ஊரார் அந்தத் தண்ணீரின் அருமையைத் தெரிந்து வைத்திருந்தார்கள். கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், சிப்பாய்கள் இங்கே நாரைகளைச் சுட்டபோது, ஊர் திரண்டு போய் கலெக்டரிடம் முறையிட்டது அதனால்தான். லயோனல் பிளேஸ் என்பவர் அப்போது செங்கல்பட்டுச் சீமையின் கலெக்டர். மதுராந்தகத்தில் ‘ஏரி காத்த ராமர்’ கதையில் வரும் துரையும் இவரே. 1798-ல் பறவைகளைச் சுடக்கூடாதென்று ஊராருக்குக் கவுல், அதாவது உறுதிப் பத்திரம், எழுதிக் கொடுத்தார். அந்தப் பத்திரம் தொலைந்துபோக, 1858-ல் மறுபடி போய்ப் புதுப்பித்து வாங்கி வந்தார்கள். அறுபது வருடம் கழித்தும், தாத்தா வாங்கிய காகிதம் தங்களுக்கு வேண்டும் என்று பேரன்கள் நினைத்திருக்கிறார்கள்! அந்த இரண்டாவது பயணத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 1936-ல் அரசு இதைச் சரணாலயமாக ஏற்றதற்கு முன்பே ஊர் காவல் காத்து முடித்திருந்தது.

இனி வயலுக்கு வருவோம். பறவைகள் ஏரியில் குடியிருக்கின்றன. சாப்பாட்டுக்குப் பெரும்பாலும் வெளியே போகின்றன. நத்தைகுத்தி நாரையைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். மூடிய அலகின் நடுவே ஓர் இடைவெளி தெரியும். சேற்றைத் துழாவி நத்தையை எடுக்கும், மேலலகால் அழுத்திப் பிடிக்கும், கீழலகின் கூர்நுனியை நத்தை ஓட்டின் மூடிக்குள் செருகிச் சதையை அறுத்து இழுத்துவிடும். ஓடு பெரும்பாலும் உடையாமலே கிடக்கும். அந்த நத்தை நெல்வயலில், வாய்க்காலில், பக்கத்துத் தாங்கல்களில் இருக்கிறது. வயல் மனையாகிவிட்டால் நத்தை கிடையாது. வயலில் குருணைப் பூச்சிமருந்தைக் கண்டபடி வீசினால், நத்தையிலும் நண்டிலும் ஏறும் நஞ்சு குஞ்சின் வாய்க்கே போய்ச் சேரும்.

1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று அறிவித்ததன் நியாயம் இது. ஏரி வீடு என்றால் அந்த 5 கிலோமீட்டர் அடுப்படி. 2020-ல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் யோசனை வந்து பெரிய எதிர்ப்பு எழுந்ததே, நினைவிருக்கும். அடுப்படியை இடித்துவிட்டு வீட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் பெயர் ஏறியது பெருமைதான். ஆனால் பட்டியல் மதகைத் திறந்து மூடாது.

சிக்கல் எங்கே வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கூழைக்கடா முட்டையிட்டு, குஞ்சு பறக்க ஏறத்தாழ நான்கு மாதம் பிடிக்கும். கார்த்திகையில் கூடு கட்டினால் பங்குனி வரை மரத்தடியில் தண்ணீர் வேண்டும். மார்கழி, தையில் நடும் நவரைப் பருவ நெல்லுக்குத் தண்ணீர் தேவைப்படுவதும் அதே மாதங்களில். மழை குறைந்த ஆண்டில் மதகை முழுக்கத் திறந்தால் கூடு போயிற்று, மூடியே வைத்தால் பயிர் காய்ந்தது. இன்னொன்று, தண்ணீர் குறையக் குறைய எச்சம் கெட்டிப்பட்டுப் பாசி மண்டும், நாற்றமெடுக்கும், மீன் சாகும். மரத்துக்கும் எச்சம் அளவோடுதான் நல்லது. இலை முழுக்க வெள்ளை படிந்தால் கருகி, சில ஆண்டில் மரமே பட்டுப்போகும்.

இவற்றுக்கு வழி இருக்கிறது. வண்டல் எடுப்பதைச் சித்திரை, வைகாசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பறவைகள் கிளம்பியிருக்கும், தரையும் காய்ந்திருக்கும். மரத்தின் வேரைச் சுற்றி மண்ணை விட்டுவிட்டு, நடுப்பகுதியில் மதகின் அடிமட்டத்துக்குக் கீழே பள்ளம் எடுங்கள். அந்தப் பள்ளத்து நீர் மதகு வழியே வெளியேறாது. கோடையில் மிஞ்சும் பறவைகளுக்கு அது கைகொடுக்கும். புதுக்கன்றைத் தரைமட்டத்தில் நட்டால் முதல் மழையிலேயே மூழ்கிச் செத்துவிடும். மண்மேடு போட்டு, அதன் தலையில் நட வேண்டும். வரத்துக்காலில் ஆக்கிரமிப்போ சீமைக்கருவேலோ அடைத்திருந்தால் ஆவணிக்குள் எடுத்தாக வேண்டும். மழை வந்தபின் பொக்லைன் உள்ளே இறங்க முடியாது.