சுறா இறங்கி வந்த மலை

நண்பர்களே, வணக்கம்.

இத்தாலியின் சைக்கிள் பந்தய வீரர் வின்சென்சோ நிபாலி என்றதும் பலருக்கு 2014 டூர் டி பிரான்ஸ்தான் நினைவுக்கு வரும். இத்தாலியின் ஜிரோ, பிரான்ஸின் டூர், ஸ்பெயினின் வுவெல்டா என மூன்று வாரம் நீளும் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற ஆறாவது வீரராக அவர் ஆனது அப்போதுதான். இரண்டாவதாக வந்தவர் ஏழரை நிமிடத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தார். ஆனால் எனக்கு அவருடைய 2016 ஜிரோதான் பெரிது.

அந்த மே மாதக் கடைசி வாரத்தில் நிபாலி துவண்டு போயிருந்தார். ஏற்றத்தில் கால் ஓடவில்லை. முன்னணியில் இருந்த டச்சு வீரர் க்ரூய்ஸ்விக்கை விட நாலே முக்கால் நிமிடம் பின்னால். உடம்புக்கு என்னவோ என்று மருத்துவப் பரிசோதனை வரை பேச்சு போனது.

பந்தயத்தின் 19ஆம் கட்டம். ஆன்யெல்லோ கணவாய், 2,744 மீட்டர். சாலையின் இருபுறமும் பனிச் சுவர். இறக்கம் தொடங்கியதும் நிபாலி வேகமெடுக்கிறார். மற்றவர்கள் பிரேக்கைத் தொடும் வளைவுகளில் இவர் உடலைச் சாய்த்து வழுக்கிக்கொண்டு போவார். சிறு வயதிலிருந்தே கைவந்த வித்தை அது. ஈடுகொடுக்கப் போன க்ரூய்ஸ்விக் பனிச் சுவரில் மோதிக் குட்டிக்கரணம் அடித்து விழுந்தார்.

இங்கே இன்னொருவரைச் சொல்லியே ஆக வேண்டும். நிபாலியின் அணித்தோழர் மிக்கேலே ஸ்கார்ப்போனி அன்று உச்சியை முதலாவதாகத் தாண்டியவர். அன்றைய வெற்றி அவருக்கே கிடைத்திருக்கலாம். அவரோ நிபாலிக்காகக் காத்திருந்து, பள்ளத்தாக்கில் எதிர்காற்றைத் தான் தாங்கிக்கொண்டு அவருக்கு முன்னால் ஓட்டி இழுத்துச் சென்றார். அடுத்த ஆண்டு, பயிற்சியின்போது வேன் மோதி அவர் இறந்துபோனார். அந்த ஜிரோவில் பாதி அவருடையது என்றே நான் சொல்வேன்.

ரிசூல் உச்சியில் தனியாக வந்து ஜெயித்த நிபாலி, ஹேண்டில்பாரில் தலை கவிழ்த்து அழுதார். மொத்த நேரத்தில் இப்போது முன்னணிக்கு வந்திருந்த கொலம்பியாவின் சாவெஸுக்கும் அவருக்கும் 44 விநாடிதான் வித்தியாசம். மறுநாள் லொம்பார்தா ஏற்றத்தில் அதையும் துடைத்தெறிந்தார். பந்தயம் முடிந்த டூரின் நகரில், 52 விநாடி வித்தியாசத்தில், ஜிரோவில் முதலிடத்துக்கான இளஞ்சிவப்புச் சட்டை அவருக்கே.

2018 மிலான்–சான்ரெமோ ஒருநாள் பந்தயத்தில் போஜ்ஜியோ மேட்டில் பாய்ந்து வென்றதும் இதே துணிச்சல்தான். அதே ஆண்டு டூரில் கீழே விழுந்து முதுகெலும்பில் முறிவு.

2022 ஜிரோ அவர் பிறந்த மெஸ்ஸினாவுக்கு வந்தது. ‘நீரிணையின் சுறா’ என்று அவரைக் கொண்டாடிய சொந்த ஊர். அங்கே வைத்து, இந்த ஆண்டோடு ஓய்வு என்று அறிவித்தார். வயது 37. மறுநாள் மறுபடி சைக்கிள் ஏறினார். வெரோனாவில் அந்த ஜிரோ முடிந்தபோது நான்காம் இடத்தில் இருந்தார்.