காகம் "தாதம்" ஆகுது, பிள்ளைக்கு என்னத்தைக் காட்டிப் பழக்கிறது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

சரி, அடுத்த கேள்வி விசுவமடுப் பக்கம் இருந்து ஒரு முன்பள்ளி ரீச்சர் கேட்டிருக்கிறா. அவவின்ர வகுப்பில அஞ்சு வயசுப் பொடியன் ஒராள் காகத்தை "தாதம்" எண்டும் அக்காவை "அத்தா" எண்டும் சொல்லுறானாம், கண்ணாடிக்கு முன்னால இருத்திச் சொல்லிக் குடுத்திட்டா, படக்காட்டும் காட்டிட்டா, ஒண்டும் சரிவரேல்லை, இன்ரநெட்டில விக்கிற வாய் மொடல் செட் வாங்கோணுமோ எண்டு கேக்கிறா.

வாங்க வேண்டாம் ரீச்சர். முதல்ல அந்தக் கண்ணாடி ஏன் உதவேல்லை எண்டு பாப்பம். ப, ம எண்டா உதடு மூடுறது தெரியும், த எண்டா நாக்கு நுனி பல்லில முட்டுறது தெரியும், இதுகளுக்குக் கண்ணாடி நல்ல சாமான். க வாற இடம் உள்ளுக்கை, நாக்கின்ர பின்பக்கம் எழும்பி மேல போய் ஒட்டோணும், அதைக் கண்ணாடியில பிள்ளை எப்பிடிப் பாக்கும்? தொல்காப்பியத்தில பிறப்பியல் எண்டு ஒரு இயலே இருக்கு, அதில க-வுக்கு முதல்நா, முதல் அண்ணம் எண்டு இடம் சொல்லியிருக்கு, அதாவது நாக்கின்ர அடிப்பக்கமும் மேல்வாயின்ர பின்பக்கமும். அந்த இடத்தைத்தான் நாங்கள் பிள்ளைக்கு வெளியில எடுத்துக் காட்டோணும்.

அதுக்கு உங்கட ரெண்டு கையும் காணும். இடது கையைக் கவிழ்த்து கொஞ்சம் வளைச்சுப் பிடியுங்கோ, அது மேல் அண்ணம், விரல் நுனியள் பல்லு. வலது கையில பழைய சிவப்பு சொக்ஸ் ஒண்டைப் போட்டு அதுக்குக் கீழ வையுங்கோ, அது நாக்கு. த சொல்லேக்க வலது கை விரல் நுனி முன்னுக்குப் போய் "பல்லில" முட்டோணும். க சொல்லேக்க விரலைக் கீழ படுக்க விட்டிட்டு மணிக்கட்டுப் பக்கத்தை மட்டும் மேல தூக்கி ஒட்டி, பட்டெண்டு விடோணும். ரெண்டையும் மாறி மாறி ஆறுதலாச் செய்து காட்டுங்கோ, பேந்து சொக்ஸை அவனிட்டக் குடுங்கோ, நீங்கள் த, க எண்டு சொல்ல அவன் கையால காட்டட்டும், அவன் வாயால சொல்லத் தேவையில்லை. கையால பிழை விடாமல் காட்டுறான் எண்டா ரெண்டும் வேற சத்தம் எண்டு அவன்ர காதுக்கு விளங்கீட்டுது, அதுக்குப் பிறகுதான் வாய்க்குப் போறது. கனபேர் அவசரப்பட்டு நேர "சொல்லு சொல்லு" எண்டு நிக்கிறதாலதான் பிள்ளை வெக்கப்பட்டுப் போய் வாயே திறக்காது.

வாய்க்கு வரேக்க பாயில நிமிந்து படுக்க விடுங்கோ. படுத்தா நாக்கு தன்பாட்டில பின்னுக்கு விழும், க வாறது லேசு. கூ, கோ-வில துவங்குங்கோ, கி, கே பேந்து பாக்கலாம், ஏனெண்டா ஊ, ஓ சொல்லேக்க நாக்கு ஏற்கெனவே பின்னுக்குத்தான் நிக்கும். கோழி எண்டு சொல்லக் குடுத்தா "கோளி" எண்டுதான் சொல்லுவான், அதை இப்ப திருத்தாதேங்கோ, எங்கட சனம் கதைக்கேக்க ழ-வும் ள-வும் ஒண்டாத்தானே வருது, அது குறைபாடில்லை.

இன்னொண்டு, காகப் படத்தை ஒருக்கா எடுத்து வையுங்கோ. எல்லா முன்பள்ளியிலயும் க எண்டா காகம்தான், ஆனா நீங்களே ஆறுதலாச் சொல்லிப் பாருங்கோ, முதல் க இறுக்கமா வருது, நடுவில வாற க காத்தோட மெதுவா ஹ மாதிரிப் போகுது. ஒரே எழுத்து, ரெண்டு சத்தம். ஏற்கெனவே தடுமாறுற பிள்ளைக்கு அது குழப்பம். அக்கா, நாக்கு, மூக்கு, பாக்கு, இப்பிடிக் க்க வாற சொல்லு எடுங்கோ, நடுவில நாக்கு ஒட்டினபடி கொஞ்ச நேரம் நிக்கும், எங்க ஒட்டுது எண்டு பிள்ளைக்கு உணரக் கிடைக்கும். அக்... எண்டு நிப்பாட்டி, சொக்ஸ் கையையும் ஒட்டினபடி பிடிச்சு, பேந்து கா எண்டு விடுங்கோ.

சொல்லைப் பிரிச்சுக் காட்ட நிலத்தில சோக்கால கட்டம் கீறி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சோடா மூடியைத் தள்ள விடலாம், நாக்-கு எண்டு ரெண்டு மூடி. மஞ்சாடிக் கொட்டை, புளியங்கொட்டை குடுக்காதேங்கோ, இந்த வயசுப் பிள்ளையள் மூக்குக்கையும் காதுக்கையும் வைக்கிறது உங்களுக்குத் தெரியும்.

இங்கிலீஷ் வீடியோக்களில வாய்க்கு முன்னால கடதாசித் துண்டைப் பிடிச்சு ப சொல்ல அது துள்ளுறதைக் காட்டுவினம். அவையின்ர ப-வில காத்து கூட, எங்கட ப-வில குறைவு, கடதாசி ஆடேல்லை எண்டு பிள்ளையில பிழை பிடிக்காதேங்கோ. பலூன் ஊதுறது, விசில் ஊதுறது, நாக்கை நீட்டி ஆட்டுறது, இதுகளும் விளையாட்டுக்குச் சரி, அதால க வராது. சத்தத்தைச் சொல்லித்தான் சத்தம் பழகும்.

சொல்லு வரத் துவங்கினோடன சொக்ஸைக் கழட்டுங்கோ. முதல்ல கையை மட்டும் தூக்கிக் காட்டுங்கோ, பேந்து அதுவும் வேண்டாம், இல்லாட்டி உங்கட கையைப் பாத்தாத்தான் க சொல்லுவான், வீட்டை போனா திரும்ப "அத்தா"தான்.

மூண்டு வயசில இப்பிடிச் சொன்னா பெரிசா யோசிக்கத் தேவையில்லை, கனபேர் தானாவே மாறுவினம். அஞ்சு எண்டபடியால அம்மாவோட கதைச்சு முதல்ல காதைச் செக் பண்ணச் சொல்லுங்கோ, அடிக்கடி சளி பிடிச்சுக் காதுக்கை நீர் நிக்கிற பிள்ளைக்கு சத்தம் மங்கலாத்தான் கேக்கும், அப்ப நீங்கள் எந்தச் சாமான் காட்டியும் மினக்கேடு. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில காட்டி, பேச்சு சிகிச்சையாளரிட்ட எங்க போறது எண்டும் அங்கயே கேக்கலாம். அவையிட்டப் போறவரைக்கும் நீங்கள் ஒரு நாளைக்கு அஞ்சு நிமிசம் செய்தாக் காணும், மற்றப் பிள்ளையளையும் சேத்து விளையாட்டாச் செய்யுங்கோ, அவனைத் தனிய எழுப்பி நிப்பாட்டிப் போடாதேங்கோ ரீச்சர்.