இரட்டைக் கருவும் ரத்தம் உறைதலும்

நேயர்களுக்கு வணக்கம்.

பிரசவத்தில் நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, பிரிந்ததும் கருப்பைச் சுவரில் பெரிய காயம் ஒன்று திறந்துகொள்கிறது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாயும். கருப்பை இறுகிச் சுருங்கித்தான் ரத்தப்போக்கு நிற்கிறது. ரத்தம் உறைவது அதற்குத் துணை. அதற்கு உடம்பு மாதக்கணக்காகத் தயாராகிறது. ரத்தத்தை உறையவைக்கும் புரதமான ஃபைப்ரினோஜென் சாதாரணமாக லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் இருக்கும்; கடைசி மாதங்களில் 6 கிராமைத் தொடலாம். உறைதலைத் தடுக்கும் புரோட்டீன் எஸ் குறைந்துவிடும்.

இரட்டையர் என்றால் நஞ்சும் பெரிது, இந்த மாற்றங்களும் கூடுதல். உறைந்த ரத்தம் கரையும்போது உண்டாகும் துணுக்கான டி-டைமர் இன்னும் ஏறும், தட்டணுக்கள் இன்னும் சற்று இறங்கும். ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் ‘நார்மல்’ அளவு பெரும்பாலும் கர்ப்பமில்லாதவர்களுக்கானது. அதைப் பார்த்துவிட்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

ரத்தம் இப்படி எளிதில் உறைவதால் கால் சிரையில் ரத்தக்கட்டியும் வரலாம். அதனால் நான் கவலைப்படுவது கால் வீக்கத்தைப் பற்றித்தான். ‘ரெட்டைப் பிள்ளைன்னா கால் வீங்கத்தானே செய்யும்’ என்று வீட்டில் சொல்வார்கள். இரண்டு காலும் ஒரே அளவில் வீங்கினால் பெரும்பாலும் அது சரிதான், இருந்தாலும் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலோ தொடையோ வலித்தால் அன்றைக்கே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் வேண்டும். கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் இடது காலில்தான் கட்டி வரும். இடுப்புக்குள் இடது காலின் சிரையை வலது காலுக்குப் போகும் தமனி குறுக்கே கடந்து அழுத்துகிறது. கனத்த கருப்பையும் சேர்ந்துகொள்கிறது. அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

இரட்டைக் கரு என்றதும் கர்ப்பிணியைப் படுக்கையிலேயே கிடத்திவைப்பதும், பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பதும் நம் வீடுகளில் இன்னும் உண்டு. அன்பினால் செய்வதுதான், ஆனால் இரண்டுமே கட்டிக்கு வழிவிடும். டாக்டர் தடுக்காதவரை நடக்கட்டும், தாகத்துக்குக் குடிக்கட்டும்.

அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போடுவார்கள். அது நஞ்சைத் தாண்டிக் குழந்தைகளிடம் போகாது. ஆனால் பிரசவ வலி எடுத்துவிட்டால் அடுத்த ஊசியைப் போடாமல் மருத்துவமனையைக் கேட்க வேண்டும். ஏனென்றால் அளவுக்கு மீறி விரிந்த கருப்பை சரியாகச் சுருங்காமல் ரத்தப்போக்கு வரும் வாய்ப்பும் இரட்டையர் பிரசவத்தில் அதிகம்.

அப்புறம், கட்டி வரும் ஆபத்து பிரசவத்துக்குப் பிந்தைய 6 வாரங்களில்தான் உச்சம், சிசேரியன் என்றால் இன்னும் கூடுதல். அந்த நாட்களில் திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். போனதும் சமீபத்தில் இரட்டைப் பிரசவம் ஆனதை முதலில் சொல்லுங்கள்.