புட்கரனைக் கவிழ்த்தது எது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம். நளன் தன் தம்பி புட்கரனிடம் சூதாட்டத்தில் நாட்டைத் தோற்று, பிறகு திரும்பி வந்து மறு ஆட்டத்தில் மீட்ட கதைதான் இன்றைய வழக்கு.

'மறு ஆட்டத்தில் புட்கரனை வீழ்த்தியது நளனின் வித்தைதான்' என்று எதிரணித் தலைவி அடித்துப் பேசிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். கைத்தட்டல் பலம். நானும் தட்டினேன், பொய் சொல்லக் கூடாது. ஆனால் புட்கரனைக் கவிழ்த்தது அவனுடைய சொந்த மிதப்பு என்பது எங்கள் கட்சி. வியாசர் மகாபாரத வனபருவத்தில் சொல்லும் கதையை வைத்துப் பேசுகிறேன். நளவெண்பாவில் சில இடம் மாறும், அதைக் காட்டி மடக்காதீர்கள்.

புட்கரன் ஏமாளி இல்லை. காய் நகர்த்தத் தெரிந்தவன். முதல் ஆட்டம் மாதக்கணக்கில் நடந்தது. நளனுக்குப் பொன் போச்சு, தேர் போச்சு, நாடும் போச்சு. அப்போது சிரித்துக்கொண்டே கேட்கிறான்: "உன் மனைவி தமயந்தி ஒருத்திதானே பாக்கி, அவளை வைக்கிறாயா?" நளன் வாயைத் திறக்கவில்லை. நகைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒற்றை ஆடையோடு வெளியேறினான். அதோடு விட்டானா தம்பி? நளனுக்கு உதவுகிறவனுக்கு மரண தண்டனை என்று பறைசாற்றினான். நகருக்கு வெளியே மூன்று இரவு வெறும் தண்ணீரைக் குடித்துக் கிடந்தான் அண்ணன்.

இத்தனை கணக்கும் போட்டவன் ஒரு கணக்கை விட்டுவிட்டான். தான் எப்படி ஜெயித்தோம் என்ற கணக்கு. "என் துணையோடு ஆடு, நளனை வெல்வாய்" என்று, நளனைக் கெடுக்க வந்த கலிபுருஷன் அவனிடமே வந்து சொல்லியிருக்கிறான். கலி நளனுக்குள் புகுந்தான், அவன் கூட்டாளி துவாபரன் சூதுக்காய்க்குள் புகுந்தான். இரவல் வெற்றி ஐயா அது! நாலு நாள் சிம்மாசனத்தில் உட்கார்ந்ததும் சொந்தச் சரக்கு என்று நினைத்துக்கொண்டான்.

எதிரணி சொல்லும் வித்தைக்கு வருகிறேன். அந்தக் காலச் சூதுக்காய் தான்றிக்காய். அள்ளிப் போட்டதை நான்கு நான்காகக் கழித்தால் மிச்சமில்லாமல் வருவது கிருதம், உச்ச ஆட்டம். ஒன்று மிஞ்சினால் அதற்குப் பெயரே கலி. ஆக, கண்ணால் எண்ணத் தெரிந்தவன்தான் சூதாடி. தமயந்தியின் பிறந்த நாடான விதர்ப்பம் போகும் வழியில், அயோத்தி அரசன் இருதுபன்னன் ஒரு தான்றி மரத்தைப் பார்த்து, இரண்டு கிளைகளில் 2,095 காய் என்றான். தேரோட்டி வேடத்தில் இருந்த நளன் என்ன செய்தான்? ராஜா சொன்னால் சரி என்று போகவில்லை. தேரை நிறுத்தி, இறங்கி, மரத்தை வெட்டி எண்ணினான். சரியாக இருந்தது. பிறகுதான் அந்த எண்ணும் வித்தையைக் கேட்டுக் கற்றான். எண்ணிப் பார்த்து நம்புகிறவன் ஒருவன். எண்ணாமலே சிரிக்கிறவன் இன்னொருவன்.

சரி, திரும்பி வருகிறான் நளன். ஒரு தேர், 16 யானை, 50 குதிரை, 600 காலாள். "என் செல்வமும் தமயந்தியும் ஒரு பக்கம், உன் ராஜ்யம் ஒரு பக்கம். ஒரே பந்தயம், உயிரும் சேர்த்து. முடியாதென்றால் வா, சண்டை போடுவோம்" என்றான். 'அப்படியானால் புட்கரனுக்கு வேறு வழி ஏது?' என்று எதிரணித் தலைவி அம்மா கேட்டார்கள். ஒரு நாட்டுப் படையையே கையில் வைத்திருப்பவனுக்கா வழி இல்லை? அது போகட்டும். வழியில்லாமல் மாட்டிக்கொண்டவன் முகம் வெளுத்திருக்கும் அம்மா. இவன் சிரிக்கிறான்! "உன்னைத்தான் தினமும் நினைத்துக்கொண்டிருந்தேன். சொந்தக்காரன் இல்லாதவனோடு ஆடி எனக்குச் சந்தோஷமே இல்லை" என்கிறான். தமயந்தி இனி தனக்குப் பணிவிடை செய்வாள் என்று ஆட்டத்துக்கு முன்பே பேசுகிறான். நளன் கண் சிவந்தது. "முதலில் ஆடு, ஜெயித்த பிறகு பேசு" என்றான்.

சீட்டு மேஜையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ஒற்றை ஆடையோடு போனவன் யானையோடு வந்து, எல்லாவற்றையும் ஒரே போடில் வை என்றால், அனுபவஸ்தன் என்ன செய்வான்? "இருப்பா, முதலில் ஒரு குதிரையை வைத்து ரெண்டு கை ஆடலாம்" என்பான். எதிராளியின் விரலைப் பார்ப்பான். அந்த இரண்டு கை ஆடியிருந்தால் நளன் கையில் புது வித்தை இருப்பது தெரிந்திருக்கும். மாதக்கணக்கில் பொறுமையாக ஆடியவனுக்கு இந்த முறை அரை நாழிகைப் பொறுமை இல்லை. ஒரே போடு. நாடு, கருவூலம், உயிர், எல்லாம் நளன் பக்கம்.

உயிரைத் திருப்பிக் கொடுத்து, அவன் பங்கையும் கொடுத்து அனுப்பினான் நளன். அனுப்புமுன் சொன்னது என்ன? "என் வித்தையைப் பார்த்தாயா" என்றா? இல்லை நடுவர் அவர்களே. "அன்று என்னை வென்றது கலி, நீ அல்ல. மூடனே, அது உனக்குப் புரியவில்லை" என்றான். எதிரணி யாருக்காக வாதாடியதோ, அந்த நளனே எங்கள் பக்கம் சாட்சி சொல்லிவிட்டான்.

மணி அடித்துவிட்டார்கள். வணக்கம்.