துறைமுகச் சேற்றுக்கு ஒரு வரைபடம்

நேயர்களுக்கு வணக்கம்.

துறைமுகத்தின் அடியிலிருந்து சேற்றை அள்ளி மேலே கொண்டுவந்தால், முதலில் விழித்துக்கொள்வது மூக்குதான். அழுகிய முட்டையின் நாற்றம். மேற்பரப்பில் மெல்லிய பழுப்பு ஏடு. அதற்குக் கீழே மை போன்ற கறுப்பு. பிராணவாயு எட்டாத அந்தக் கறுப்பில்தான் ஈயமும் செம்பும் துத்தநாகமும் கந்தகத்தோடு பிணைந்து கிடக்கின்றன. கப்பலின் அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டாமலிருக்கப் பூசும் பெயின்டிலிருந்து செம்பு வருகிறது. துருவைத் தடுக்கப் பொருத்தும் கட்டிகள் கரைந்து துத்தநாகம் வருகிறது. மீதியை நகரம் வடிகால் வழியாக அனுப்பிவைக்கிறது.

சேற்றை அள்ளும் கருவி, தாடை போல மூடிக்கொள்ளும் ஓர் இரும்புப் பெட்டி. அதன் சுவரைத் தொட்ட சேறு ஆகாது. நடுவில் இருப்பதை மட்டும் பிளாஸ்டிக் கரண்டியால் எடுக்க வேண்டும். உலோகத்தை அளக்கப் போய், நாமே உலோகத்தைக் கலந்துவிடக் கூடாதல்லவா?

பிறகு ஆய்வகம், எண்கள், வண்ண வரைபடம்: உலோகம் குறைந்த இடம் நீலம், மிகுந்த இடம் சிவப்பு. இங்கேதான் ஏமாற்றம் காத்திருக்கிறது. உலோகம் மணலில் அவ்வளவாகத் தங்காது. நுண்ணிய களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஒரே அளவு கழிவு விழுந்த இரண்டு இடங்களில், மணற்பாங்கான இடம் நீலமாகவும் களிமண் இடம் சிவப்பாகவும் தெரியும். அப்போது நீங்கள் பார்ப்பது மாசின் படமல்ல, மண்ணின் படம். அதனால்தான் 63 மைக்ரானுக்குக் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான துகள்களை மட்டும் சலித்து அளக்கிறார்கள். அல்லது களிமண்ணுக்கே உரிய அலுமினியத்தோடு ஒப்பிட்டு விகிதம் பார்க்கிறார்கள்.

இன்னொன்று. சேறு எடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள நிறம் கணினியின் ஊகம். புள்ளிகளைக் காட்டாத வரைபடத்தை நான் நம்புவதில்லை.

சிவப்பு என்றவுடன் தோண்டி எடுக்கத் தோன்றும். தோண்டினால் கந்தகப் பிணைப்பில் பிராணவாயு பட்டு, அடங்கிக் கிடந்த உலோகம் நீரில் கரையலாம். சில இடங்களில் சேற்றைத் தொடாமல் விடுவதே நல்லது. ஆனால் கப்பலுக்கு ஆழம் வேண்டும். தூர்வாராமல் துறைமுகம் நடக்காது.

ஜப்பானின் மினமாட்டாவில் பாதரச நோய் 1956இல் அதிகாரப்பூர்வமாகக் கண்டறியப்பட்டது. விரிகுடாவைத் துப்புரவாக்கும் வேலை 1977இல்தான் தொடங்கியது, 1990இல் முடிந்தது. பத்து லட்சத்தில் 25 பங்கு பாதரசம் என்பது எல்லை. அதைத் தாண்டிய சேற்றைத் தடுப்புச் சுவருக்குள் அடைத்து மண்ணிட்டு மூடினார்கள். அப்படி எழுந்த 58 ஹெக்டேர் நிலம் இன்று பூங்கா. புல்லுக்கு அடியில் அந்தச் சேறு அப்படியே இருக்கிறது.

வணக்கம்.