ஒரே சிடிஜி, இரண்டு தீர்ப்பு

எல்லாருக்கும் வணக்கம். ஸ்லைடு எதுவும் கொண்டுவரவில்லை, ஒரே ஒரு சிடிஜி காகிதத்தை, அதாவது பிரசவத்தின்போது வயிற்றிலுள்ள குழந்தையின் இதயத் துடிப்பையும் அம்மாவின் வலியையும் கோடாகப் பதியும் காகிதத்தை, மனதில் வைத்துக்கொள்ளுங்கள், போதும். குழந்தையின் அடிப்படைத் துடிப்பு நிமிடத்துக்கு 140. கோட்டில் நல்ல அலைவு இருக்கிறது, நாம் வேரியபிலிட்டி என்கிறோமே, துடிப்பு மேலும் கீழும் ஆடும் அளவு, அது 10. ஆனால் ஒவ்வொரு வலியும் உச்சத்தைத் தாண்டிய பிறகு துடிப்பு மெல்ல இறங்கி, வலி ஓய்ந்த பிறகுதான் பழைய இடத்துக்கு வருகிறது. லேட் டிசெலரேஷன். 35 நிமிடமாக இதே கதை.

2008-ல் வந்த அமெரிக்க என்ஐசிஎச்டி நிறுவனத்தின் முறை சிடிஜியை மூன்று வகையாகப் பிரிக்கிறது, மூன்றாவதுதான் மோசம்; அதில் இது இரண்டாம் வகை, அதாவது நடுக்கூடை. இது மூன்றாம் வகையாக வேண்டுமென்றால் அலைவு அடியோடு இல்லாமல் போயிருக்க வேண்டும். அதே காகிதத்தை உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பான ஃபிகோவின் 2015 முறையில் வைத்தால் 30 நிமிடம் தாண்டிவிட்டது, நேராகப் பேத்தலாஜிக்கல், அதாவது மிக மோசமான வகை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் வெளியிடும் நைஸும் இதைச் சிவப்பில்தான் வைக்கிறது.

சரி, யார் சொல்வது சரி? அமெரிக்கர்கள் அலைவை நம்புகிறார்கள்: அது 6-க்கும் 25-க்கும் இடையில் இருந்தால் அந்த நேரத்தில் குழந்தையின் இரத்தத்தில் அமிலம் ஏறியிருக்க வாய்ப்பு குறைவு. ஃபிகோ கூடவே கடிகாரத்தையும் பார்க்கிறது, அலைவு குறைந்திருந்தால் 20 நிமிடம்தான் கெடு. எனக்கு அலைவின் மேல் மரியாதை உண்டு, ஆனால் அந்த நடுக்கூடை ரொம்பப் பெரியது, பெரும்பாலான பிரசவங்கள் ஏதோ ஒரு நேரத்தில் அதில் விழுந்துவிடும். அதைப் பிரிக்கத்தான் 2007-லேயே பேரர், இக்கேடா என்ற இரு ஆய்வாளர்கள் பச்சை முதல் சிவப்பு வரை ஐந்து நிறம் வைத்து, 134 வடிவங்களை அடுக்கிக் காட்டினார்கள். நல்ல யோசனைதான், ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு 134-ஐ யார் மனப்பாடமாக வைத்திருப்பது?

அப்புறம் இன்னொன்று. அமெரிக்காவில் காகிதம் நிமிடத்துக்கு 3 சென்டிமீட்டர் ஓடும், பிரிட்டனில் 1. மூன்றுக்குப் பழகிய கண்ணுக்கு ஒன்றில் ஓடிய காகிதத்தில் மெதுவான இறக்கம்கூடச் செங்குத்தாகத் தெரியும்.

அதனால் போனில் என்னைக் கூப்பிட்டு, "டாக்டர், சிடிஜி சஸ்பிஷியஸ்", அதாவது சந்தேகத்துக்குரியது, என்று மட்டும் சொல்லாதீர்கள், எந்த நாட்டுச் சஸ்பிஷியஸ் என்று எனக்கு எப்படித் தெரியும்? "அடிப்படை 140, அலைவு 10, லேட், 35 நிமிடம், ஆக்சிடோசின் ஓடுகிறது" என்று, வலியைத் தூண்டும் அந்த டிரிப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். "டிரிப்பை நிறுத்துங்கள், அம்மாவை இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்" என்று சொல்லிக்கொண்டே நான் செருப்பைத் தேட ஆரம்பித்திருப்பேன்.