அந்த 43 மைலுக்கு யார் பணம் தருவது?

வணக்கம் உறவுகளே. இன்று வெள்ளிக்கிழமை காலை. கனடாவின் மிசிசாகாவில் எங்கள் நிறுவனத்தின் வாகனத் தரிப்பிடத்தில், என் பாரவூர்தியின் சாரதி இருக்கையில் இருந்தபடியே உங்களோடு கதைக்கிறேன். வழக்கமாக முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, பச்சைக் குடுவையிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றிய பிறகுதான் நான் தொடங்குவேன் என்பது உங்களுக்குத் தெரியும். இன்று அதற்குப் பொறுமை இல்லை. நேற்று மாலை கிடைத்த சம்பளப் பட்டியலைப் பார்த்ததிலிருந்து மனம் கொதித்துக்கொண்டே இருக்கிறது.

மிசிசாகாவிலிருந்து இண்டியானாபொலிஸுக்கு 498 மைல் என்று பட்டியலில் போட்டிருக்கிறார்கள். என் ஓடுமானி காட்டியது 541 மைல். நான் வழி தவறவில்லை. சாப்பாட்டுக்காகக்கூட நெடுஞ்சாலையை விட்டு விலகவில்லை. 401, 402 நெடுஞ்சாலைகளில் போய், சார்ணியாவில் புளூ வாட்டர் பாலத்தைக் கடந்து, அமெரிக்கக் கரையில் தொடங்கும் ஐ-69 நெடுஞ்சாலையைப் பிடித்து இண்டியானாபொலிஸ் வரை ஓடினேன். சரக்கை, அதாவது லோட்டை, ஒதுக்கும் டிஸ்பாட்ச் பிரிவு கைபேசிக்கு அனுப்பிய வழியும் அதேதான். வித்தியாசம் 43 மைல். எனக்குச் சம்பளம் மைலுக்கு 58 சதம்; அப்படியென்றால் 24 டொலர் 94 சதம். இது ஒரு பயணத்தில் மட்டும் போன காசு. நூறு மைல் ஓடினால் ஏறத்தாழ எட்டு மைலை நான் இலவசமாக ஓடிக்கொடுக்கிறேன்.

சம்பளப் பிரிவை அழைத்துக் கேட்டேன். அங்கிருந்த அக்கா நல்லவர், பொறுமையாகத்தான் விளக்கினார். நிறுவனம் ஓடுமானியைப் பார்த்துப் பணம் தருவதில்லையாம். வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் நிறுவனங்களுக்காக முற்காலத்தில் உருவான தூர அட்டவணையை வைத்தே கணக்கிடுகிறதாம். அந்த அட்டவணை ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்கு உள்ள தூரத்தைத்தான் சொல்லும். நகரத்தின் எந்த மூலையில் களஞ்சியம் இருக்கிறது என்பதும், 53 அடிப் பின்வண்டியை, அதாவது ரெயிலரை, இழுத்துக்கொண்டு எந்தத் தெருவுக்குள் நுழைய முடியாது என்பதும் அதற்குத் தெரியாது. சில நிறுவனங்கள் பாரவூர்தி உண்மையில் ஓடக்கூடிய வழியின் தூரத்துக்குப் பணம் தருகின்றன. எங்கள் நிறுவனம் தருவதில்லை. இதை வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே சொல்லியிருக்கலாம் அல்லவா? ஒன்ராறியோவில் ரெயிலர் இழுக்கும் பாரவூர்தியை ஓட்டத் தேவையான ஏ.இசட். அனுமதிப்பத்திரம் எடுக்க 2017ஆம் ஆண்டு ஜூலையிலிருந்து குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சி கட்டாயம். எயர் பிரேக்கைச் சோதிப்பதிலிருந்து பின்னோக்கி எடுப்பது வரை எல்லாவற்றையும் எனக்கு நன்றாகக் கற்றுத்தந்தார்கள். மைலை எந்த அட்டவணையால் அளக்கிறீர்கள் என்று நேர்முகத்தில் கேட்கவேண்டும் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லித்தரவில்லை.

நேர்முகத்தில் கிழமைக்கு 2,800 மைல் கிடைக்கும் என்றார்கள். கடந்த நான்கு கிழமைகளில் எனக்குக் கிடைத்தவை 1,940, 2,110, 1,760, 2,020. கூட்டிப் பார்த்தால் 7,830. சராசரி 1,957 மைல். சொன்னதற்கும் கிடைத்ததற்கும் இடையில் கிழமைக்கு ஏறத்தாழ 489 டொலர் விழுகிறது. அமெரிக்காவில் ஒரு நாளில் 11 மணித்தியாலம் ஓட்டலாம். எங்கள் பாரவூர்தி மணிக்கு 105 கிலோமீற்றருக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்தப்பட்டிருந்தாலும், ஒரு நாளில் 600 மைல் ஓடுவது எனக்குக் கடினமில்லை. ஓட நான் ஆயத்தமாகத்தான் இருக்கிறேன். லோட் ஆயத்தமாக இல்லை.

அந்த 1,760 மைல் கிழமையின் கதையைச் சொல்கிறேன். அது இதே இண்டியானாபொலிஸ் பயணத்தில்தான் நடந்தது. முதல் நாள் இரவு அருகிலிருந்த டிரக் ஸ்டாப்பில் தங்கி, பத்து மணித்தியால ஓய்வை முடித்து, காலை 6:15க்கு வாகனப் பரிசோதனையைத் தொடங்கினேன். அந்த நிமிடத்திலிருந்து என் 14 மணித்தியாலக் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். வேலை தொடங்கி 14 மணித்தியாலமானால், அதாவது இரவு 8:15க்குப் பிறகு, நான் ஓட்டக்கூடாது. 6:40க்குக் களஞ்சியத்தின் வாசலில் நின்றேன். இறக்க வேண்டிய நேரம் 7 மணி. இறக்கி முடித்தது பகல் 12:50க்கு. அதன் பிறகும் டிஸ்பாட்சிலிருந்து பதில் இல்லை. ஒரு மணிக்கு, இரண்டு மணிக்கு, மூன்றரைக்கு என்று மூன்று முறை செய்தி அனுப்பினேன். மாலை 5 மணிக்கு அழைப்பு வந்தது: “லூயிவில்லுக்கு வெறும் ரெயிலரோடு போ, இரவு 9 மணிக்கு ஏற்று.”

லூயிவில் அங்கிருந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியால ஓட்டம். போய்ச் சேரலாம், ஆனால் 8:15க்கு என் நேரம் முடிந்துவிடும். 9 மணிக்கு ஏற்றிய லோட்டைக் களஞ்சிய வாசலிலிருந்து தெருவுக்குக்கூட எடுக்க முடியாது. இதைச் சொன்னபோது, மற்றச் சாரதிகள் போகிறார்களே, நீ மட்டும் ஏன் மறுக்கிறாய், அடுத்த கிழமை லோட் கேட்டு வராதே என்று டிஸ்பாட்ச் தம்பி சத்தம் போட்டார். நான் குரலை உயர்த்தவில்லை. நேர விதியை மீறி ஓடச் சொல்லி, மறுத்தால் வேலை தரமாட்டோம் என்று சாரதியை வற்புறுத்துவதே குற்றம் என்று 2016 முதல் அமெரிக்கக் கூட்டரசு விதி இருக்கிறது. அது நிறுவனத்துக்கு மட்டுமல்ல, சரக்கை அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் இடைத்தரகருக்கும் பொருந்தும். அதை அப்படியே சொன்னேன். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். மறுநாள் முற்பகல் 11 மணி வரை எனக்கு லோட் இல்லை.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன், பின்னுக்குப் போகிறேன். முந்தைய காணொளிகளில் நான் குறிப்பிடும் சுன்னாகத்து அண்ணை, 20 வருடமாக ஓட்டுபவர், இதைக் கேட்டதும் முதலில் என்னைத்தான் ஏசினார். “தம்பி, காத்திருந்த நேரத்தை ஏன் ஓய்வாகப் பதியவில்லை?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். 2020 செப்டெம்பரிலிருந்து, தொடர்ந்து இரண்டு மணித்தியாலமாவது ஓய்வெடுத்து, பிறகு படுக்கையில் ஏழு மணித்தியாலமாவது கிடந்து, இரண்டும் சேர்ந்து பத்து ஆகுமானால், அந்த நேரம் 14 மணித்தியாலக் கணக்கில் சேராது. ஆனால் எனக்கு அந்த இரண்டு மணித்தியாலம் ஒரே துண்டாகக் கிடைக்கவில்லை. 8:20க்கு வேறு கதவுக்கு நகர்த்தச் சொன்னார்கள். 10 மணிக்குப் பலெட்டுகளை எண்ண அழைத்தார்கள். 11:30க்கு மறுபடியும் நகர்த்தச் சொன்னார்கள். 12:50க்குப் பிறகும் அழைப்பு எந்த நேரமும் வரலாம் என்று வேலை நேரத்திலேயே நின்றேன். செய்த வேலையை ஓய்வு என்று நான் பொய்யாகப் பதியமாட்டேன். அண்ணையும் அதை ஏற்றுக்கொண்டார்.

அடுத்து, இந்த மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே மகிழ்ச்சியைக் காட்டுகிறேன். பட்டியலின் கடைசி வரியைப் பாருங்கள், கமெராவுக்கு நெருக்கமாகப் பிடிக்கிறேன்: காத்திருப்புப் பணம், 60 டொலர்! முதல் இரண்டு மணித்தியாலம் இலவசம். அதன் பிறகு நிறைவான ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் 20 டொலர் என்பது எங்கள் ஒப்பந்தம். 9 மணியிலிருந்து 12:50 வரை மூன்று நிறைவான மணித்தியாலங்கள். ஐந்து மாதத்தில் நான் நான்கு முறை கேட்டு, இதுவே முதன்முறையாகக் கைக்கு வந்தது. முன்பெல்லாம் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இந்த முறை, வாசலில் நின்ற காவலரிடம் சரக்குச் சீட்டை நீட்டி, வந்த நேரத்தை நீல மையினால் எழுதி ஒப்பமிடும்படி கேட்டேன். கறுப்பு மை பிரதி எடுக்கும்போது அச்சோடு கலந்துவிடும்; நீலம் தனியாகத் தெரியும். வெளியே வரும்போது அதே சீட்டில், அதே காவலரிடம், அதே பேனாவால் போன நேரத்தையும் எழுதி வாங்கினேன். அவர் முத்திரையும் குத்தித் தந்தார். அந்த இடத்திலேயே படம் எடுத்து, டிஸ்பாட்ச், சம்பளப் பிரிவு இரண்டுக்கும் அனுப்பினேன். புதிதாக ஓட்ட வந்தவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். அந்த 60 டொலர் எனக்கு 600 டொலர் மாதிரி.

சாரதியின் காத்திருப்புக்கு யாரும் பணம் கொடுக்கத் தேவையில்லாதவரை, களஞ்சியத்தில் யாரும் அவசரப்படமாட்டார்கள். மைல் கணக்கில் சம்பளம் வாங்குபவனுக்கு நின்ற வாகனம் வெறும் நட்டம். ஓட்டுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மிச்சிகனில் விடிகாலைப் பனிக்குள் தனியாகப் போவதை நான் உண்மையாகவே நேசிக்கிறேன். ஓடிய மைலுக்குக் காசு, பகல் ஒரு மணிக்கு முன்பே அடுத்த லோட்டின் விபரம்: திங்கட்கிழமை மேலாளரிடம் கேட்கப்போவது இந்த இரண்டும்தான். நான்கு கிழமைக் கணக்கும் என் கொப்பியில் இருக்கிறது, அதையும் கொண்டுபோகிறேன்.

பொறுங்கள், செய்தி வந்திருக்கிறது. கொலம்பஸ், ஒகாயோவுக்கு ஒரு லோட். பிற்பகல் 2 மணிக்கு ஏற்ற வேண்டும். மைல் எத்தனை என்று போடவில்லை. அதைக் கேட்டுப் பதில் அனுப்பிவிட்டேன். ஓடுமானி இப்போது 412,386 காட்டுகிறது. இதோ, நீலப் பேனாவால் எழுதுகிறேன்.